குசினிக்கு ஒரு நிலம்

நிலத்துக்கு அடியில் கரண்ட் வைத்துச் சூடாக்குவார்கள் என்று கிளிவெட்டியில் யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு முற்றத்தில் நின்றவர்களுக்கு அது பைத்தியக்கார வேலையாகத்தான் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2018 ஒக்ரோபரில் தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக மூன்று மாத விசாவில் நோர்வே போனேன். ஒஸ்லோ நகரின் ஓரத்தில் இருக்கும் அவளது வீட்டுக் குசினிக்கு அப்படியான ஒரு நிலத்தின் மேல் என் கையாலேயே ரைல்ஸ் பதித்தேன். அந்தக் கதையைக் கூட்டத்தில் சொன்னபோது, இதை எழுதித் தாருங்கள் அக்கா என்று பிள்ளைகள் கேட்டார்கள். எழுதுவதானால் அந்த வேலையில் நான் செய்த பிழையையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

எனக்கு மேசன் வேலை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எங்கள் சொந்த ஊர் சம்பூர். 2006 ஏப்ரல் 25, 26ஆம் திகதிகளில் குண்டு விழுந்தபோது வெளிக்கிட்டவர்கள் நாங்கள். ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து 2007இல் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமுக்கு வந்து சேர்ந்தோம். அந்த அலைச்சலில் என் கணவர் இல்லாமல் போனார். கையில் ஒரு மகனும் அம்மாவும். யுத்தம் முடிந்தபின் இந்தப் பக்கம் வீட்டுத்திட்டங்கள் வரத் தொடங்க, மண் அள்ளவும் கல் சுமக்கவும் கையாளாகப் போனேன். எங்கள் உறவில் ஒரு வயதான மேசன் இருந்தார். என் கை மட்டம் தப்பாது என்று கண்டு சாந்து பூசவும், பிறகு ரைல்ஸ் பதிக்கவும் அவர்தான் பழக்கினார். ஆண் மேசனுக்கு முழுச் சம்பளம், அதே வேலையைச் செய்த எனக்கு அரைவாசி. அந்தக் கணக்கைக் கேட்க எனக்கு நாலு வருசம் பிடித்தது. அது வேறு கதை.

முகாமின் நிலத்தைப் பற்றி இந்த இதழை வாசிக்கிற பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மண்ணை மேவி, அதன் மேல் தறப்பாள், அதன் மேல் பாய். வெயிலில் தகரம் கொதிக்கும். மாரியில் கீழேயிருந்து ஈரம் ஊறும். மேலே ஒழுகுவதற்குச் சட்டி வைக்கலாம், கீழே ஊறுவதற்கு என்ன வைப்பது? அம்மாவுக்கு இழுப்பு இருந்தது. குளிர் நிலத்தில் படுத்தால் காலிலிருந்து மேலே ஏறும் என்பார். நான் ஒரு செங்கல்லை அடுப்புக்குள் வைத்துச் சூடாக்கி, சாக்கில் சுற்றி, அவருடைய காலடியில் வைப்பேன். விடியும் வரைக்கும் இளஞ்சூடு நிற்கும்.

இனி ஒஸ்லோவுக்கு வருகிறேன். தங்கச்சி 2004இல் கலியாணம் கட்டிப் போனவள். அவளுடைய கணவர், நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன், அங்கே முதலில் வடக்கே கடற்கரையோர மீன் தொழிற்சாலையில் நின்றவர். எண்பதுகளிலேயே நம்மவர்கள் பலர் அந்த வேலைக்கு அந்தக் குளிருக்குப் போயிருக்கிறார்கள். இப்போது பஸ் ஓட்டுகிறார். அவள் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்கிறாள். ஊரில் நம் நிலத்தைக் கூட்டினோம், இங்கே ஊரார் நிலத்தைத் துடைக்கிறேன் என்று சிரிப்பாள். கடன் எடுத்து ஒரு பழைய வீடு வாங்கியிருந்தார்கள். குசினி கீழ்த்தட்டில் இருந்தது. நிலம் வெறும் கொங்கிறீற். அதன் மேல் பழைய றப்பர் விரிப்பு ஒட்டியிருந்தது. காலுறை போட்டு நின்றாலும் பாதம் விறைக்கும். பிள்ளை பிறந்து தவழப் போகிற இடம். நிலத்துக்குக் கீழே சூடு வைத்து மேலே ரைல்ஸ் போடுவது என்று தீர்மானித்தார்கள். ரைல்ஸ் பதிக்க ஆள் கேட்ட கூலியைத் தம்பி நோர்வேக் காசில் சொன்னார். நான் இலங்கைக் காசுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, நான் பதிக்கிறேன் என்றேன்.

அவர் முதலில் நம்பவில்லை. உள்ளங்கையைக் காட்டினேன். சீமெந்து தின்ற கை, பார்த்தாலே தெரியும்.

நிலத்தைச் சூடாக்குவது புதிய விசயமில்லை. கொரியா நாட்டில் அடுப்புப் புகையை நிலத்துக்கு அடியில் ஓடவிட்டு வீட்டைச் சூடாக்கும் முறை பழங்காலத்திலிருந்து இருக்கிறது. அதற்கு 'ஒண்டோல்' என்று பெயர். உரோமர்களும் குளிப்பு மண்டபங்களில் நிலத்தைத் தூண்களில் உயர்த்தி, கீழே சூட்டுக் காற்றை விட்டார்கள். இப்போது புகைக்குப் பதிலாக வயர். நோர்வேயில் கரண்டின் பெரும்பகுதி நீர்வீழ்ச்சியிலிருந்து எடுப்பது. அதனால் குளியலறை நிலத்துக்கு இப்படி வயர் போடுவது அங்கே சாதாரணம்.

வேலை முறையைச் சொல்கிறேன், கேளுங்கள். முதலில் பழைய விரிப்பைக் கிழித்து, அதன் பசையைச் சுரண்டி, கொங்கிறீற்றைத் தூசி இல்லாமல் துடைத்தோம். வெடிப்புகளை அடைத்து, பசை பிடிக்கும் ஒரு திரவத்தைப் பூசிக் காயவிட்டோம். பிறகு கடினமான மெல்லிய தக்கைப் பலகை ஒட்டினோம். அது இல்லாவிட்டால் சூட்டில் பாதி கீழே மண்ணுக்குப் போய்விடும். மண்ணைச் சூடாக்கக் காசு கட்டுவதா? அதன் மேல் இலெக்ரீசியன் வந்து, வலையில் வளைத்து வளைத்துப் பொருத்திய வயரை விரித்தார். அதை மற்றவர்கள் தொட அங்கே சட்டம் விடாது. வயர் ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது. அலுமாரியும் அடுப்பும் நிரந்தரமாக நிற்கிற இடத்துக்குக் கீழே போடக்கூடாது. போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் வயர் கருகும். எட்டுச் சதுர மீற்றர் குசினியில் ஐந்து சதுர மீற்றருக்குத்தான் வயர் வந்தது. ஒரு மீற்றருக்கு நூறு வாற் கணக்கு. மொத்தம் ஐந்து நூறு வாற் பல்ப் எரிகிற அளவு. எங்கள் தண்ணீர் கொதிக்கிற கேத்தல் இதைவிடப் பல மடங்கு இழுக்கும்.

ஒரு சின்னக் குழாயை வயர் வரிகளுக்கு நடுவே வைத்து, அதற்குள் சூட்டை அளக்கும் கருவியின் நுனியை விட்டார். அந்த நுனி பழுதானால் இழுத்து மாற்றலாம், ரைல்ஸை உடைக்கத் தேவையில்லை. அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. வயருக்கு அப்படி வழி இல்லை.

தண்ணீர் ஊற்றினால் கரண்ட் அடிக்காதா என்று கூட்டத்தில் எல்லோரும் கேட்டார்கள். நானும் அதைத்தான் அவரிடம் முதலில் கேட்டேன், தங்கச்சி மொழிபெயர்த்தாள். வயரின் உள்ளே இருக்கும் கம்பியைச் சுற்றிப் பிளாஸ்ரிக் உறை, அதைச் சுற்றி மெல்லிய உலோகப் பின்னல், அதற்கு மேல் இன்னோர் உறை. அந்தப் பின்னல் பூமிக் கம்பியோடு இணைந்திருக்கும். எங்காவது கசிந்தால் ட்ரிப் சுவிட்ச் உடனே விழுந்து கரண்டை நிறுத்திவிடும். பேசிக்கொண்டே அவர் மீற்றரை வைத்து அளந்து, அளவை ஒரு தாளில் எழுதினார். மூன்று தரம் அளக்க வேண்டும் என்றார். விரிக்க முன், விரித்த பின், மூடிய பின். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். விரித்த நிலத்தைக் கைத்தொலைபேசியில் நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

அன்று பின்னேரம்தான் அது நடந்தது. மறுநாள் காலை வயரை மூடி, நிலத்தை மட்டப்படுத்தும் கலவையை ஊற்றுவதாக இருந்தோம். தம்பி பஸ் ஓட்டப் போய்விட்டார். தங்கச்சி மேலே பிள்ளையோடு படுத்திருந்தாள். பிறந்து பன்னிரண்டு நாள். நான் சும்மா எட்டிப் பார்த்தேன். இரண்டு வரிக்கு நடுவில், தக்கைப் பலகையின் மேல், ஒட்டும் பசை கட்டியாகக் காய்ந்து கிடந்தது. மேசன் கண்ணுக்கு அது உறுத்தும். மூலையில் கிடந்த சுரண்டும் தகட்டை எடுத்து ஒரு தள்ளு. கட்டி பறந்தது. தகடு வழுக்கிப் பக்கத்து வரியில் போய் விழுந்தது.

குனிந்து பார்த்தேன். வயரின் மேலுறை ஒரு நெல்மணி அளவு வெட்டுப்பட்டு, உள்ளே செம்பு மினுங்கியது.

தோழியரே, நான் என்ன செய்தேன் தெரியுமா? வலையின் ஓரத்தை அதன் மேல் இழுத்து விட்டேன். தகட்டைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன். கை கழுவிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் பருப்பு வைத்தேன். இதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது. யாரும் என்னை அடிக்கப் போவதில்லை. தங்கச்சி வீடு. ஆனாலும் வாய் திறக்கவில்லை. பிழை நடந்தால் முதலில் மூடு, பிறகு யோசி என்று அந்த வருசங்களில் உடம்பு பழகிவிட்டது. பதிவு எடுக்க வருபவர் முன்னால் குறைவாகப் பேசினால் குறைவாகக் கஷ்டம். விசாவில் வந்திருக்கிற விருந்தாளி நான், அவர்களின் கடன் காசில் கை வைத்துவிட்டேன் என்ற பயம் வேறு.

இரவு நித்திரை வரவில்லை. கணக்குப் போட்டேன். காலையில் கலவை ஊற்றினால் வெட்டு அடியில் போய்விடும். மேலே ரைல்ஸ். பசை காய்ந்த பிறகு சுவிட்ச் போடுவார்கள், ட்ரிப் விழும். அப்போது எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். நான் அதற்குள் ஊருக்கே போயிருப்பேன்.

இரண்டு மணிக்குத் தங்கச்சி பிள்ளைக்குப் பால் கொடுக்க எழும்பினாள். வாசலில் நின்ற என்னைக் கண்டு, "என்னக்கா, நித்திரை வரல்லையா?" என்றாள்.

"உன்ட குசினி வயரை வெட்டிப்போட்டன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பிள்ளை திடுக்கிடும்படி சிரித்தாள். "இதுக்கா இப்பிடி நிக்கிறீங்க? காலையில அந்த ஆளைக் கூப்பிட்டாச் சரி. ஏன் அப்பவே சொல்லல்ல?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சிரிப்பு அடங்கிய குரலில் கேட்டாள். "அக்கா, அம்மாட விசயத்திலயும் இப்பிடித்தான் ஏதும் மறைச்சீங்களா?"

அம்மா இறந்தது 2011 தை மாதம். கிழக்கு முழுவதும் வெள்ளம் வந்த மாதம். அப்போது தங்கச்சி மூத்த பிள்ளைக்கு எட்டு மாதக் கர்ப்பிணி. தொலைபேசியில் நான் சொன்னது, "நித்திரையிலேயே போயிட்டா, ஒரு கஷ்டமும் படல்ல" என்பது. உண்மை அதுவல்ல. மூன்று நாள் விடாத மழை. கொட்டிலுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அம்மாவைப் பலகைத் துண்டுகளின் மேல் படுக்க வைத்திருந்தேன். விறகு நனைந்ததால் செங்கல் சூடாக்கவும் வழியில்லை. இழுப்புக் கூடிக்கொண்டே போனது. அதற்கு இரண்டு கிழமை முன்னர் கூரை ஒழுகுவதை ஒருவரிடம் முறையிட்டு, எல்லாருக்கும்தான் ஒழுகுது என்று பேச்சு வாங்கியிருந்தேன். அதனால் இந்த முறை யாரிடமும் போய்க் கேட்க மனம் வரவில்லை. மூன்றாம் நாள்தான் சத்தம் போட்டேன். பக்கத்துக் கொட்டில்காரர்கள் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு இரவு இருந்தார். முதல் நாளே சத்தம் போட்டிருந்தால் என்ற கேள்வி என்னோடு இருக்கிறது.

இதையெல்லாம் அந்த இரவில் சொன்னேன். ஏழு வருசமாகச் சொல்லாதது. அவள் பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, எழும்பிக் கீழே போனாள். குசினியில் லைட் எரிந்தது. வெகுநேரம் வரவில்லை. வந்து, "செங்கல் சூடாக்கி வச்சீங்க எண்டு சொன்னது?" என்றாள்.

"அது உண்மை."

அதன் பிறகு மூன்று நாள் அவள் என்னோடு அளவாகத்தான் கதைத்தாள். கோபித்தாளா, தன்னையே நொந்தாளா, நான் கேட்கவில்லை. சொன்னால் மனம் லேசாகும் என்பார்கள். அந்த மூன்று நாளும் எனக்கு லேசாக இருக்கவில்லை.

வயர் விசயம் சுலபமாக முடிந்தது. இலெக்ரீசியன் வந்து மீற்றர் வைத்தார். கம்பியின் அளவு சரியாக வந்தது. கம்பிக்கும் பின்னலுக்கும் இடையிலான அளவு பிழைத்திருந்தது. வெட்டுப்பட்ட இடத்தை அறுத்து, உலோகக் குழலால் நெரித்து இணைத்து, மேலே சுருங்கும் உறையைச் சூடுகாட்டி இறுக்கினார். மறுபடி அளந்தார், சரி. இணைப்பு எங்கே இருக்கிறது என்று தன் தாளில் படம் வரைந்து குறித்தார். மூடின பிறகு சொல்லியிருந்தால் ஒரு கிழமை வேலை, இப்போது முக்கால் மணி நேரம் என்றார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. மூலையில் கிடந்த சுரண்டும் தகட்டை மட்டும் எடுத்து மேல் தட்டில் வைத்தார்.

பிறகு என் வேலை. மட்டக் கலவை ஊற்றிக் காய்ந்ததும், நடுக்கோடு போட்டு, வாசலில் முழுக்கல் வரும்படி பிரித்தேன். அங்கே நம்மூர்ச் சீமெந்துச் சாந்து இல்லை. பையில் வரும் ஒட்டுப் பசை. சூடான நிலத்துக்குச் சற்று வளைந்து கொடுக்கும் வகைப் பசைதான் வேண்டும். நிலம் சூடேறி விரியும், ஆறிச் சுருங்கும். விறைத்த சாந்தானால் கல் விட்டுவிடும். பல்லுப் பல்லாக வெட்டிய கரண்டியால் பசையை இழுத்து, கல்லை வைத்து, சற்று அசைத்து அமர்த்த வேண்டும். அடியில் காற்று நிற்கக் கூடாது. காற்று நின்றால் சூடு மேலே ஏறாது. சுவர் ஓரங்களில் பூச்சு வைக்காமல் றப்பர் போன்ற மெழுகால் அடைத்தோம், அதுவும் விரிவுக்காகத்தான். மூன்றாவது அளவும் முதல் அளவோடு ஒத்துப் போனது.

முடிந்த உடனே சுவிட்ச் போட முடியாது. கலவையும் பசையும் தாமாகக் காய வேண்டும், சூட்டில் அவசரப்படுத்தினால் வெடிக்கும். நாலு கிழமை பொறுத்தோம். மார்கழி முதல் கிழமை, வெளியே பனி கொட்டிக் கிடந்த ஒரு காலை, தம்பி சுவிட்சைப் போட்டு, ஒரு நாளைக்குக் கொஞ்சமாக ஏற்றினார். இருபத்தேழு பாகையில் நிறுத்தினோம். கையை வைத்தால் சூடு என்று சொல்ல முடியாது, குளிர் இல்லை என்றுதான் சொல்லலாம். தங்கச்சி பிள்ளையோடு குசினி நிலத்தில் வந்து படுத்துக்கொண்டாள். அங்கே நிலத்தில் யாரும் படுப்பதில்லை. நானும் பக்கத்தில் சாய்ந்தேன். மூத்த பிள்ளை எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பள்ளிக்குப் போனான்.

வரும்போது என் குசினிக்கு ரைல்ஸ் போடு என்று அவள் காசு தந்தாள். சம்பூரில் எங்கள் காணி 2016இல் திரும்பக் கிடைத்தபோது வீடு இருந்த இடத்தில் சிவப்புச் சீமெந்து போட்ட குசினி நிலம் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியிருந்தது. மகனின் பள்ளியும் என் வேலையும் இங்கே என்பதால் கிளிவெட்டியிலேயே தங்கிவிட்டேன். தங்கச்சி தந்த காசு மகனின் படிப்புக்குப் போனது. பிறகு கொரோனா. பிறகு 2022 நெருக்கடியில் சீமெந்துப் பை வாங்கவே முடியாத விலை. 2023இல்தான் கை வைத்தேன்.

பத்துக்கு எட்டு அடிக் குசினி. ஒரு அடிக் கல் எண்பது, உடைவுக்கு எட்டு மேலதிகம். மினுங்கும் கல் வாங்காதீர்கள், ஈரத்தில் வழுக்கும். சொரசொரப்பானது எடுத்தேன். விறகு அடுப்பு மூலையை ரைல்ஸ் போடாமல் சீமெந்தாகவே விட்டேன். தணல் விழுந்தால் கல் வெடிக்கும். தண்ணீர் ஓட வாசல் பக்கம் ஒரு விரல் சரிவு. தண்ணீர்க் குழாய் நிலத்துக்கு அடியால் போகிறது. சாந்து போட முன்னர் தண்ணீரைத் திறந்து ஒரு பகல் முழுக்கக் கசிவு பார்த்தேன். பிறகு நாலு பக்கமும் படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். அவள் பெருவிரல் அடையாளம் ஒன்று போட்டுவிட்டு, "ஏதும் வெட்டினீங்களா?" என்று கேட்டிருந்தாள்.

பதித்து மூன்றாம் நாள் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டு போனேன். அடியில் சாந்து நிறைந்திருந்தால் அடைத்த சத்தம் வரும், வெற்றிடம் இருந்தால் பானைச் சத்தம். வாசல் ஓரத்தில் இரண்டு கல் பானைச் சத்தம் போட்டன. மகன், யாருக்கம்மா தெரியப் போகுது, விடுங்க என்றான். இரண்டையும் கிளப்பி, சாந்தைச் சுரண்டி, மறுபடி வைத்தேன்.